கணவாய்க்கு மேற்கே சில பள்ளிக்கூடங்கள்

ஆண்டிபட்டிக் கணவாய்

மதுரையிலிருந்து மேற்கே போகும் சாலையில் உசிலம்பட்டி தாண்டும் வரை வானம் பார்த்த காடுகள்தான். கண்மாய்களில் பாதி சீமைக்கருவேலம், மீதி வெடித்த மண். ஆண்டிபட்டிக் கணவாயில் பேருந்து ஏறி இறங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலை நேர் எதிரே எழுந்து நிற்கிறது. காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு இப்படி மறிக்கப்பட்ட வானம் பழக்கமில்லை. எங்கள் பக்கம் கண் எட்டும் மட்டும் நெல்லும் தென்னையும்தான். பார்வையைத் தடுக்க அதிகம் போனால் ஒரு கோயில் கோபுரம் இருக்கும்.

நான் பார்க்க வந்தது மலையை அல்ல, பள்ளிக்கூடங்களை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் பள்ளிக் கல்வித் துறைக்கு வெளியே தனி நிர்வாகமாக ஒரு பள்ளிக் கூட்டம் இயங்குகிறது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்பது அதன் பெயர். மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து முந்நூறை நெருங்கும் எண்ணிக்கை. தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை உண்டு. அவற்றோடு சேர்ந்த மாணவர் விடுதிகளும் உண்டு. இவற்றைக் கவனிக்கும் இணை இயக்குநர் மதுரையில் இருக்கிறார். அவருக்கு மேலே இருப்பது பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத் துறை. தமிழ்நாட்டுக்குள்ளேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. கும்பகோணத்தில் நான் கேட்டுப் பார்த்த ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சின்னமனூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஒரு பை நிறைய மொச்சை கொண்டு போனார்.

"நீ எந்த ஊரு தாயி?"

சொன்னேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து பள்ளிக்கூடம் பாக்கவா வந்த? என் மகன் படிச்சதும் கள்ளர் ஸ்கூலு. பேரன் படிக்கிறதும் கள்ளர் ஸ்கூலு. நான்தான் அஞ்சாவதோட மாடு மேய்க்கப் போயிட்டேன்."

அதற்கு முன்னால் பெருங்காமநல்லூருக்குப் போய்விட்டுத்தான் இந்தப் பேருந்தில் ஏறியிருந்தேன். அங்கே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்தப் பள்ளிகளைப் பார்ப்பதில் பொருளில்லை என்று எனக்குப் பட்டது.

1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை ஆங்கில அரசு 1914இல் மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடியில் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் ஊர்கள் முழுக்க விரித்தது. மக்கள் வாயில் அதன் பெயர் கைரேகைச் சட்டம். வயது வந்த ஆண்கள் விரல் ரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ, அவர்கள் காட்டும் பொது இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். ஊர் எல்லை தாண்டக் கையில் சீட்டு வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கும் விலக்கு இல்லை. ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் இல்லை. அவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பது போதுமானதாக இருந்தது.

பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி காவல்துறை சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போனவர் என்று ஊரார் சொல்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். சட்டத்தை எதிர்த்து வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை இந்த ஊர்க்காரர்கள் ரோசாப்பூ துரை என்று இன்றும் அன்போடு சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 வரை ஆயிற்று.

துப்பாக்கிச் சூடு நடந்த அந்த 1920இலேயேதான் சீரமைப்புத் திட்டமும் தொடங்கியது. சுட்ட அரசே பள்ளிக்கூடமும் கட்டியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்ப்பது கணவாய் இறங்கும் வரை எனக்குக் கடினமாகவே இருந்தது.

தேனி

தேனி வியாபாரிகளின் ஊர். பஞ்சு, வாழைக்காய், மிளகு, ஏலம் என்று எது கீழே இறங்கினாலும் இங்கே ஒரு முறை நின்றுவிட்டுத்தான் போகிறது. 1996இல் மதுரையிலிருந்து பிரித்துத் தேனி மாவட்டத்தை அமைத்தபோது எட்டு ஒன்றியங்களோடு அமைந்தது. சின்ன மாவட்டம்தான். ஆனால் வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து கூடலூர் வரை அதற்குள் எத்தனை வகை நிலம், எத்தனை வகை வாழ்க்கை!

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அன்று மாலை கழிந்தது. கள்ளர் பள்ளியில் படித்து, கள்ளர் விடுதியில் தங்கி, பிறகு அதே பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஏலக்காய் தட்டிப்போட்ட டீ கொடுத்தார். எங்கள் வீட்டில் பாயசத்துக்கு எண்ணி எண்ணிப் போடும் ஏலக்காயை இங்கே தாராளமாகத் தட்டிப் போடுகிறார்கள்.

"மொதல்ல எங்காளுக பிள்ளைகள அனுப்பல," என்றார். "ராத்திரி எங்களக் கூப்பிட்டு ஸ்டேசன்ல படுக்கப் போடுறவன், பகல்ல பிள்ளையக் கூப்பிட்டு என்ன செய்வானோன்னு பயம். அதுல தப்பு இல்லீங்களே. எங்க சீயான் எங்கப்பாவ ஒளிச்சு வச்சாராம்."

"அப்புறம் எப்படி அனுப்பினார்கள்?"

"வாத்தியாரு ஊருக்குள்ளயே வந்து குடியிருந்தாரு. பள்ளிக்கூடம் மந்தையில இருந்துச்சு. பிள்ளையப் பிரிச்சு எங்கிட்டோ கொண்டு போகல, பாருங்க. வகுப்புல உக்காந்திருக்கத ஆத்தா தண்ணிக்குப் போகையில பாத்துட்டுப் போகலாம். அதான் நம்பிக்கை வந்துச்சு."

அவர் இதைச் சொன்னபோது எனக்கு வேறு சில நாடுகள் நினைவுக்கு வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளைச் சீர்திருத்துவதாகச் சொல்லி அரசுகள் பள்ளி நடத்தின. பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி 1879இல் தொடங்கியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பல நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய், முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பலர் திரும்பவே இல்லை. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் நாட்டுப் பள்ளிகளில் நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பதிவு செய்தது. இங்கேயே ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்டுபுரத்தில் எருகுலர் குடும்பங்களை ஒரு குடியிருப்புக்குள் அடைத்து, இரட்சணிய சேனையின் பொறுப்பில் விட்டார்கள். மதுரைச் சீமையிலும் நோக்கம் வேறாக இருந்திருக்காது. ஆனால் இங்கே பள்ளி ஊருக்குள் வந்தது. தமிழிலேயே பாடம் நடந்தது. ஊர் அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கண்காணிக்க வந்த கட்டடத்தை இரண்டே தலைமுறையில் தங்கள் கட்டடமாக மாற்றிக்கொண்ட மக்களின் திறமையைத்தான் இந்தப் பயணம் முழுக்க நான் பார்த்துக்கொண்டு போனேன்.

"பல ஊருல பள்ளிக்கூடத்துக்கு இடம் குடுத்தது ஊர்க்காரங்கதான்," என்றார் அவர். "பொதுநிதின்னு ஒண்ணு இருக்கு. கள்ளர் பொதுநிதி. அது எங்க பாட்டன் பூட்டன் காசு. அதனாலதான் பள்ளிக்கூடத்துல கை வச்சா எங்களுக்குக் கோவம் வருது."

அந்தக் கோபத்தின் காரணத்தை நான் பிறகு கூடலூரில் விரிவாகக் கேட்டேன்.

வீரபாண்டி, சின்னமனூர்

வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி முல்லையாறு ஓடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இங்கே கூடும். நான் போனது திருவிழாக் காலம் அல்ல. படித்துறையில் துணி துவைக்கிற சத்தமும் தண்ணீர் ஓடுகிற சத்தமும் மட்டும் இருந்தன. குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் வருடத்தில் பாதி நாள் மணலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, இத்தனை ஒடுங்கிய ஆற்றில் இத்தனை வேகம் புதிதாக இருந்தது.

சின்னமனூரை நெருங்கும்போது இரு பக்கமும் வாழை. இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு கிராமம். அங்கே ஓர் அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி: ஓட்டுக் கட்டடம் ஒன்று, காங்கிரீட் கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு வேம்பு. தலைமை ஆசிரியையும் இன்னோர் ஆசிரியையும்தான் இருக்கிறார்கள். ஐந்து வகுப்புகளும் அந்த இருவர் தலையில்.

ஒன்று முதல் மூன்று வரையான பிள்ளைகள் ஒரே அறையில் மூன்று வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு இப்படித்தான். எந்த வகுப்பு என்பதைப் பார்க்காமல் எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். ஆசிரியை அரும்புக்காரர்களுக்கு மணலில் எழுதக் கொடுத்துவிட்டு, மொட்டுக்காரர்களிடம் அட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மலர்க்காரர்களைக் கதை படிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி அரும்பு வட்டத்தில் வந்து சம்மணம் போட்டார். ஒரு நாளில் எத்தனை முறை இப்படி எழுந்து உட்காருவார் என்று யோசித்தேன். அவர் முட்டியில் வலிக்கான பட்டை கட்டியிருந்தார்.

பெரிய பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் மலையே கிடையாது என்று சொன்னதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

"ஒரு சின்ன கரடு கூடவா இல்ல டீச்சர்?"

"இல்லை."

"அப்ப சூரியன் எங்கிட்டுப் போயி மறையும்?"

நான்காம் வகுப்புப் பையன் கேட்ட அந்தக் கேள்விக்கு வயலுக்குள் என்று பதில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி கட்டியிருந்தா நனைஞ்சிருமே," என்றான். இந்தப் பையனுக்கு நல்ல அறிவியல் ஆசிரியர் ஒருவர் கிடைக்க வேண்டும் என்று அப்போது மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

எங்கள் ஊரான கும்பகோணத்தில் 1864இல் தொடங்கிய டவுன் ஹைஸ்கூல் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் அங்கேதான் படித்தார். சின்ன வயதில் அந்தப் பள்ளிச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். 1904இல் ராமானுஜன் பள்ளிப் படிப்பை முடித்தார். அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்தும் இங்கே தகப்பன்மார்களின் விரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாகாணம், ஒரே அரசு. எந்த ஊரில் பிறந்தோம் என்பது ஒரு பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

மதியம் தலைமை ஆசிரியை தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று அவர் மாமியார் சொல்லித் தந்தார். சாப்பாட்டுக்கு மேல் சின்னமனூர் வெற்றிலை. எங்கள் கும்பகோணம் வெற்றிலையை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்தக் காரம் நாக்கில் நெடுநேரம் நின்றது.

உத்தமபாளையம்

இங்கே அதிகம் தங்கவில்லை. 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் வாசலில் நின்று, வெளியே வரும் மாணவர்களில் சிலரிடம் பேசினேன். மதுரைக்குப் போய்ப் படிக்க வழியில்லாத காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது இந்தக் கல்லூரி. வணிகம் செய்து பொருள் சேர்த்த ராவுத்தர் குடும்பம் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குமாகக் கட்டிய இடம். கள்ளர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வரலாறு படிக்கிற ஒரு பெண், தன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தான்தான் என்றாள். அவள் பாட்டனுக்கு இந்த உத்தமபாளையம் வரை வரவும் ஒரு காலத்தில் சீட்டு வேண்டியிருந்திருக்கும். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, அப்பத்தா சொல்லித் தெரியும் என்றாள்.

கம்பம்

கம்பத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஊர் எழுந்துவிடுகிறது. ஐந்து மணிக்கெல்லாம் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கின்றன. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மேலே ஏறி, இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் காய் எடுத்து, களை வெட்டிவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதைவிட அதிகம் பேரைத்தான் எப்போதும் பார்த்தேன். மலைப் பாதை விபத்துகளில் இந்த ஊர் நிறையப் பெண்களை இழந்திருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

"நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறு வடிச்சிருவேன்க்கா," என்றாள் ஜீப்புக்குக் காத்திருந்த ஒருத்தி. "சின்னவ தூங்குவா. அவள எழுப்பிச் சாப்பிட வைக்க நேரமிருக்காது. முன்னெல்லாம் பெரியவதான் அவளக் கிளப்பி, வெறும் வயித்தோட இழுத்துட்டுப் போவா. இப்ப ஸ்கூல்ல காலைல குடுக்குறாக."

இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில், 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளோடு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. திருக்குவளை எங்கள் பக்கம். அந்தச் செய்தியை அன்று நாளிதழில் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் புரட்டியது நினைவிருக்கிறது. அதன் பொருள் கம்பத்தில் ஒரு பள்ளி வராந்தாவில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. எட்டு மணிக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அன்று பொங்கலும் சாம்பாரும். மகளிர் குழுப் பெண் ஒருவர் பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் பார்த்தார். முடி பின்னாமல் வந்த நான்கைந்து பிள்ளைகளைச் சாப்பிட்டதும் வரிசையாக உட்கார வைத்து, சீப்பெடுத்துப் பின்னிவிட்டார். "அம்மாக்காரி விடியுமுன்னே மலையேறிட்டா. பிள்ளைக்கு யாரு பின்னுவா?" என்றார். எந்த அரசாணையிலும் இந்த வேலை எழுதப்பட்டிருக்காது. 1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவின் நீண்ட வரலாறும் இப்படி எழுதப்படாத பல பெண்களின் கைகளால் ஆனதுதான்.

பத்து மணிக்கு மேல் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குப் போனேன். தலைக்கு மேல் பந்தல், கருநீலக் குலைகள், கீழே பச்சை நிழல். ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்தால் பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுப்பு. அதனால் வருடம் முழுக்க இங்கே பழம் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரர் ஒரு குலையை அறுத்து நீட்டினார். தோல் தடிப்பு, விதை உண்டு, புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பன்னீர் மணம். தன் மகன் கள்ளர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிப்பதாகவும், ஒரு பாடத்துக்கு ஆசிரியரே வரவில்லை என்றும், ட்யூசனுக்குக் கம்பம் போய் வருவதாகவும் சொன்னார். "ஸ்கூலுக்குக் கள்ளர்ங்கிற பேர வைக்கட்டும், எடுக்கட்டும். வாத்தியாரப் போடச் சொல்லுங்கம்மா."

கூடலூர்

கூடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் போன அன்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். இந்தப் பள்ளியில் தலைவர் ஒரு தாய். தோட்டவேலைக்குப் போகாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, மதில் சுவர், ஆசிரியர் காலியிடம் என்று வரிசையாகப் பேசினார்கள். கடைசியில் பேச்சு பெயருக்கு வந்தது.

2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதில் கள்ளர் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அடக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்றது. உசிலம்பட்டி, தேனி வட்டாரங்களில் எதிர்ப்பு எழுந்தது.

"அது சாதிப் பெருமைக்கு வச்ச பேரு இல்ல தாயி," என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் அவரைச் சீயான், அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிட்டார்கள். "எங்கப்பன் ராத்திரி ராத்திரி ஸ்டேசன் திண்ணையில படுத்தாரு. அதுக்குச் சாட்சியா எங்ககிட்ட மிச்சம் இருக்கது இந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் அழிச்சிட்டா நாளைக்கி இப்பிடி நடந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு காலனியிலிருந்து வந்திருந்த ஒரு தாய் பேசினார். குரல் உயரவில்லை. ஆனால் தயங்கவும் இல்லை.

"பெரியவுக சொல்றது சரி. என் பிள்ள இங்கதான் படிக்கிறா. டீச்சர்மாருகளக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வெளியூருல போட்டிக்குப் போனா, எந்த ஸ்கூலுன்னு மைக்குல கூப்பிடுறப்ப அவ தலையக் குனிஞ்சிக்கிறா. வேற யாரு வீட்டுலயோ இருக்க மாதிரி இருக்காம்."

இந்தப் பள்ளிகளில் இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சீயானின் வலியும் உண்மை, அந்தச் சிறுமியின் கூச்சமும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு நழுவிக்கொள்ள எனக்கு மனமில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தலை குனிகிறது என்றால் பெயர்ப் பலகை மாறத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அதோடு, மாற்றுகிற நாளிலேயே ஒவ்வொரு பள்ளியின் சுவரிலும் கைரேகைச் சட்டம் என்ன செய்தது, பெருங்காமநல்லூரில் யார் செத்தார்கள், இந்தப் பள்ளி எப்படி வந்தது, நிலம் கொடுத்தவர் யார் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். காலனிப் பிள்ளையும் அதைப் படிக்கட்டும். பிறப்பை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி என்று எழுதிய சட்டத்தின் கொடுமை அவளுக்கு யாரும் விளக்காமலே புரியும். பலகையில் தனியாக நிற்கும் ஒரு சாதிப் பெயரால் அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. அந்தப் பெயரை அழித்துவிட்டுப் போகிற அரசாணையாலும் முடியாது.

நிர்வாகத்தைக் கரைப்பது வேறு விஷயம். அதில் நான் சீயான் பக்கம். முந்நூறுக்குள் அடங்கும் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்துக்கு, எந்த ஊர்ப் பிள்ளைகளின் தாய்மார்கள் விடியுமுன் மலையேறுகிறார்கள், எந்த ஊரில் எந்த மாதம் அறுப்பு, எந்தப் பள்ளியில் பிள்ளைகள் இடைநிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வழி உண்டு. பல்லாயிரம் பள்ளிகளின் பட்டியலில் போய்ச் சேர்ந்தால் அந்த நெருக்கம் போய்விடும். ஆனால் நெருக்கம் இருந்தும் காலியிடங்கள் நிரம்பாமல் கிடந்தால் பெற்றோருக்கு அதனால் என்ன பயன்? திராட்சைத் தோட்டக்காரர் கேட்டதும் அதைத்தான்.

அன்று கூட்டம் பெயரைப் பற்றி முடிவெடுக்கவில்லை. அறிவியல் ஆசிரியர் கேட்டும் மதில் சுவர் கேட்டும் தீர்மானம் எழுதினார்கள். தலைவரான அந்தத் தாய் அதை உரக்கப் படித்தார். சீயானும் காலனிப் பெண்ணும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் தூக்குவாளியிலிருந்து பருத்திப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். கருப்பட்டியும் சுக்கும் தூக்கலாக, சூடாக இருந்தது.

லோயர் கேம்ப்

சாலை இங்கே மலையின் காலடிக்கு வந்து சேர்கிறது. இதற்கு மேல் குமுளி, கேரளம். பெரிய இரும்புக் குழாய்கள் மலைச் சரிவில் இறங்கி மின் நிலையத்துக்குள் போகின்றன. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் அது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. எங்களுக்கு மேட்டூரின் ஜூன் 12 எப்படியோ, இவர்களுக்கு முல்லைப் பெரியாறு திறக்கும் நாள் அப்படி.

அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்குக்கு 2013இல் திறந்த மணிமண்டபம் இங்கே இருக்கிறது. பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டுச் சுவர்களிலும் டீக்கடைகளிலும் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒரே ஆங்கில அரசின் இரண்டு கைகளையும் இந்த மக்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் தந்தவனைக் கும்பிடுகிறார்கள். ரேகை பிடித்தவனை மன்னிக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் நினைவில் வைத்திருக்கும் இந்த நேர்மை எனக்கு மிகப் பிடித்தது.

மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்திருந்தது. கள்ளர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலா. சமூக அறிவியல் ஆசிரியர் இளைஞர். அணை கட்ட எடுத்த ஆண்டுகள், காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலியாட்கள் என்று சிலையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டா சார் என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாச் சீமையிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள் என்றார்.

பிள்ளைகள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு அவரிடம் பேசினேன். பெருங்காமநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனதுண்டா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க மேடம். நினைவு நாளு ஏப்ரல் 3. அது பரீட்சை நேரம், பஸ்ஸு ஏற்பாடு பண்ண முடியாது. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசியிருக்கேன். பொங்கல் லீவு முடிஞ்சதும், ஜனவரிக் கடைசியில ஒரு சனிக்கிழமை போகலாம்னு இருக்கோம். எட்டாவது, ஒம்பதாவது ரெண்டு வகுப்பும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரணும்னு சொல்லியிருக்கேன். ஒரு பஸ் போதாது, ரெண்டு வேணும். அதுக்குத்தான் இப்பக் காசு சேத்துட்டு இருக்கோம்."